பாம்பன் கரையில் பாசிமணி: பார்த்ததை நகையாக்கப் போன ஒரு குழு

பாசிமணி நகை பின்னுகிறவர்களில் பாதிப்பேருக்குக் கை அவ்வளவு சுத்தம். யூடியூபைப் பார்த்து ஒரு வளையலை அச்சு அசலாக இறக்கிவிடுவார்கள். சொந்தமாக ஒன்று யோசித்துப் பண்ணுங்கள் என்றால் ஊசி அப்படியே நின்றுவிடும். மதுரையில் என் அத்தை நடத்தும் வகுப்புக்கு வருகிறவர்களும் இதற்கு விலக்கில்லை. "நாலு இடம் போய்ப் பார்த்தாத்தானே டீச்சர் ஐடியா வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று 2025 ஆடியில், ஆடி அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு, பதினோரு பேரோடு ஒரு வேன் பிடித்து இராமநாதபுரம் கடற்கரைக்குப் போனோம். என்ன திட்டம், எது நகையானது, எது ஆகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. இப்படி ஒரு பயணப் பட்டறை நடத்த நினைக்கிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

பாடம் அத்தையுடையது. மணி, நூல், வேன், சாப்பாடு, கணக்கு எல்லாம் என் பொறுப்பு. ஊசி பிடிக்காமல் பக்கத்தில் நின்றதால் யார் எங்கே முட்டிக்கொண்டார்கள் என்று கவனிக்க முடிந்தது. வந்தவர்களில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண், சிவகாசியிலிருந்து ஒரு தாயும் மகளும், பரமக்குடியில் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியம்மா ஆகியோர் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தங்கல் பாம்பனில். போகிற வழியில் இராமநாதபுரம் அரண்மனை, பிறகு பாம்பன் பாலமும் கரையும், தனுஷ்கோடி. பகலில் சுற்றுவது, சாயங்காலம் பின்னுவது.

அத்தை வைத்த நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, சுற்றும் நேரத்தில் ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும்; கையில் கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு இஞ்ச் டேப். வரைய வராது என்றவர்களிடம், "வரைய வேண்டாம், எண்ணி எழுது" என்றார். இன்னொன்று, கரையில் எந்தச் சங்கு, சிப்பி, பவளத் துண்டையும் வாங்கவோ பொறுக்கவோ கூடாது. இரண்டாவதற்கு முகம் சுளித்தவர்கள்தான் அதிகம். அதற்கான காரணத்தைத் தனுஷ்கோடிப் பகுதியில் சொல்கிறேன்.

அரண்மனையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில் சேதுபதிகளும் அந்தப்புரப் பெண்களும் போட்டிருக்கும் முத்துச் சரங்களை எல்லோரும் உட்கார்ந்து நோட்டில் குறித்தார்கள். அழகாக இருந்தது. ஆனால் ஏற்கனவே நகையாக இருப்பதைப் பார்த்து இன்னொரு நகை செய்தால் அது நகல்தான். அங்கிருந்து ஒரு டிசைனும் பிறக்கவில்லை. இந்தக் கடற்கரைக்கு மணி புதிதில்லை என்ற உணர்வு மட்டும் வந்தது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளோடு கண்ணாடி மணிகளும் சங்கு வளையல் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

நீலத்தோடு வந்தவர்கள்

கிளம்புவதற்கு முன்பே, தேவைப்படும் என்று தோன்றும் மணிகளை எடுத்து வரச் சொல்லியிருந்தோம். பதினோரு பேரில் எட்டுப்பேர் நீலம் கொண்டுவந்தார்கள். வானநீலம், மயில்நீலம், உள்ளே வெள்ளி பூசிய கருநீலம். கடலைப் பார்க்கும் முன்பே கடலின் நிறத்தை முடிவு செய்துவிட்டார்கள்.

ஆடியில் அங்கே கடல் அந்த நிறத்தில் இல்லை. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஊர்க்காரர்கள் ஆண்கடல் என்கிறார்கள், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்கிறார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் இந்த மாதங்களில் ஆண்கடல்தான் பொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று திரும்பினால் பெண்கடலுக்கும் கோபம் வரும். நாங்கள் போனபோது தெற்குப் பக்கம் மணல் கலங்கிய பச்சை, அதன்மேல் பழுப்பு நுரை. வடக்குப் பக்கம் வெளுத்த பாசிப்பயறு நிறம். அத்தை எல்லோரையும் நிறுத்தி, ஒரு வெள்ளைப் பாட்டில் மூடியில் நாலைந்து மணிகளைப் போட்டுத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கொண்டுவந்த நீலத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அன்று சாயங்காலம் சிலர் ஃபோனில் ஒரு படம் எடுத்து அதோடு ஒப்பிட்டார்கள். ஃபோன் எடுத்த படத்தில் கடல் நன்றாகவே நீலமாக இருந்தது! கேமரா தானாகவே வண்ணத்தைத் தூக்கிக் காட்டும். அதை நம்பி மணி வாங்கினால் எல்லார் கடலும் ஒரே கடலாகிவிடும்.

இதில் தொழில் விஷயம் ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் கண்ணாடி மணிக்குள் ஓடும் நூலின் நிறம் மணியின் நிறத்தையே மாற்றும். வெளிர்பச்சை மணியை வெள்ளை நூலில் கோர்த்தால் ஒரு நிறம், சாம்பல் நூலில் கோர்த்தால் வேறு. வடக்குக் கடலின் நிறத்தைக் கடைசியில் பிடித்தவர் புது மணி எதுவும் வாங்கவில்லை, நூலைத்தான் மாற்றினார். சாயம் ஏற்றிய இளஞ்சிவப்பு, ஊதா மணிகளைப் பற்றியும் அங்கேயே பேச்சு வந்தது. வெயிலிலும் வியர்வையிலும் அவை வெளுக்கும். கடற்கரை ஊரில் போடப்போகிற நகைக்கு அது ஆகாது.

இருந்தும் நாலு பேர் நீலத்திலிருந்து வெள்ளைக்கு இறங்குகிற கைப்பட்டைதான் பின்னினார்கள். பின்னல் நன்றாகத்தான் இருந்தது. பாம்பனுக்கு வராமலே பின்னியிருக்கலாம்.

நாற்பது அடி, அறுபது அடி

வங்கி அம்மாவின் மகன் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். அவருக்காகப் பாம்பன் பாலத்தைக் கைப்பட்டையில் படமாகப் பின்ன வேண்டும் என்று வந்தார். முதல் சாயங்காலம் கட்ட நோட்டில் போட்டுப் பார்த்தார். 4 செ.மீ. அகலப் பட்டை, 11-ஆம் நம்பர் மணி. ஒரு மணி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் எடுக்கும் என்றால் அகலத்துக்கு முப்பதுக்கும் குறைவான புள்ளிகள். தூண், தண்டவாளம், கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி, கடல், வானம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கினால் வேலி மாதிரித் தெரிந்தது. இன்னும் சின்ன மணி, 15-ஆம் நம்பர் எடுக்கலாமா என்று கேட்டார். பொடி மணி எடுத்தால் புள்ளி கூடும், பாலம் வராது என்று அத்தை சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை சாலைப் பாலத்தில் நின்றபோது அத்தை அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, இதில் எது திரும்பத் திரும்ப வருது?"

அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "புதுப் பாலத்துல தூண் கம்மியா இருக்கே" என்றார்.

சரியான கவனிப்பு. 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலத்தில் தூக்குப் பகுதியை விட்டால் 145 கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி), ஒவ்வொன்றும் 40 அடி, அதாவது 12.2 மீட்டர். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 99 கண்கள், ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், அதாவது 60 அடி. நாற்பதுக்கு அறுபது, இரண்டுக்கு மூன்று. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பாலங்களில் ஒன்று மூன்று கண்ணில் தாண்டும் தூரத்தை இன்னொன்று இரண்டே கண்ணில் தாண்டுகிறது.

அந்த அம்மா கைப்பட்டையை விட்டுவிட்டு இரட்டைச் சரக் கழுத்தணிக்குப் போனார். இரண்டு சரமும் மங்கிய சாம்பல் நிற 11-ஆம் நம்பர் மணி. உள் சரத்தில் துரு நிறத்தில் 3 மி.மீ. உருண்டை மணி ஒன்று, பிறகு ஆறு சாம்பல் மணி. ஆக 12 மி.மீ. வெளிச் சரத்தில் உருண்டை மணி ஒன்று, பிறகு பத்துச் சாம்பல் மணி. ஆக 18 மி.மீ. 36 மி.மீ.-க்கு ஒருமுறை இரண்டு சரத்தின் உருண்டை மணியும் நேருக்கு நேர் வரும். அங்கே குறுக்கே ஒரு தையல் போட்டு இரண்டையும் சேர்த்தார். பன்னிரண்டு இணைப்பு, மொத்தம் 43 செ.மீ. சொச்சம்.

பின்னி முடித்துக் கழுத்தில் வைத்தால் வெளிச் சரம் இழுத்தது. வட்டத்தில் வெளியே இருப்பது நீளமாக இருக்க வேண்டுமே. சரங்களுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி என்றால் முழு வட்டத்துக்கு 19 மி.மீ. கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாம்பல் மணி கூட்டினால் பன்னிரண்டு கட்டத்துக்கு 18 மி.மீ. கணக்கு முடிந்தது. ஓய்வு பெற்றாலும் வங்கி வங்கிதான் என்று எல்லோரும் கிண்டல் செய்தோம்.

தூக்குப் பகுதியை எங்கே வைப்பது என்று அவருக்கும் அத்தைக்கும் வாக்குவாதம். நடுவில் நீளமாக ஒரு குழல் வைக்க வேண்டும் என்றார் இவர்; வேண்டாம் என்றார் அத்தை. கடைசியில் அந்த அம்மாவே சொன்னார்: பாலம் திறக்கிற இடம் கொக்கிதான். நகையும் அங்கேதானே திறக்கிறது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

வலையின் தொய்வு

சிவகாசிப் பெண் வரும்போதே பாதி வேலையோடு வந்தாள். வலைப்பின்னலில் அகலமான கழுத்துப்பட்டை. வட்ட அளவெல்லாம் சரி, ஆனால் கழுத்தில் வைத்தால் படுக்காமல் புனல் மாதிரித் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு முறை பிரித்தும் அதேதான்.

பாம்பன் கரையில் ஏற்றி வைத்திருந்த நாட்டுப்படகின் நிழலில் ஒருவர் புது வலையைக் கயிற்றில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை ஜூன் 14-ஓடு முடிந்திருந்ததால் கரை முழுக்கப் பரபரப்பு. அவர் கையை நாங்கள் பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் அவளுக்கு ஒன்று உறுத்தியது. கயிறு கொஞ்சம்தான், வலையோ அள்ளி அள்ளிச் சேர்க்கிறார்.

"ஏண்ணே, இவ்வளவு வலையச் சுருக்கிச் சுருக்கிக் கட்டுறீங்க? இழுத்துக் கட்டக் கூடாதா?"

"இழுத்துக் கட்டுனா கண்ணி மூடிக்கிரும் தாயி. மீனு மோதிட்டுத் திரும்பிப் போயிரும். தொங்கவிட்டாத்தான் கண்ணி தொறக்கும்."

"அப்ப எவ்வளவு விடணும்?"

"ஒரு பாகம் கயித்துக்கு ரெண்டு பாகம் வலை. மேல மிதப்பு தூக்கும், கீழ ஈயம் இழுக்கும். நடுவுல உள்ளது தானா நிக்கும்."

அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். அவளுடைய பட்டையில் எல்லா வரிசையிலும் வளைவுக்கு ஐந்து மணி. கழுத்தை ஒட்டிய வரிசைக்கும் தோளை ஒட்டிய வரிசைக்கும் ஒரே நீளம் கொடுத்தால் வெளி வரிசை பற்றாமல் உள்ளே இழுக்கும், பட்டை நிமிரும். அன்றிரவு முழுவதும் பிரித்து மறுபடி போட்டாள். உள் வரிசையில் வளைவுக்கு மூன்று மணி, அடுத்ததில் ஐந்து, அதற்கடுத்து ஏழு, கடைசியில் ஒன்பது. ஊசி ஒவ்வொரு முறையும் மேல் வளைவின் நடு மணி வழியாகத்தான் போகும், அதுதான் முடிச்சு. நாலாவது வரிசை வந்ததும் பட்டை மேசையில் தானாகப் படுத்தது. இருந்தும் ஓரம் லேசாகச் சுருண்டது, மணி அவ்வளவு லேசு. கீழ் வளைவு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு 4 மி.மீ. கனமான கண்ணாடி மணியைத் தொங்கவிட்டாள். ஈயம் செய்கிற வேலையை அது செய்தது; ஒவ்வொரு கண்ணியும் சாய்சதுரமாகத் திறந்துகொண்டது.

வலைக்காரருக்கு அத்தை பணம் கொடுக்கப் போனார். வாங்க மாட்டேன் என்றார். வேண்டுமானால் எங்க வீட்டு ஆளுகிட்ட மீன் வாங்கிட்டுப் போங்க என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு அதுதான்.

மணி வேலைக்குப் பலர் விரும்பி வாங்கும் ஃபயர்லைன் என்ற நூலும் தூண்டிலுக்காகச் செய்த மீன்பிடி நூல்தான். நம் கடைகளில் கிடைக்கும் தங்கூசியும் அதே குடும்பம். தங்கூசி ஒற்றை நரம்பு, விறைப்பு அதிகம், முடிச்சு நழுவும். கோர்க்க ஆகும், பின்ன ஆகாது. முறுக்கியோ பின்னியோ செய்த நூல்தான் பின்னலுக்கு நல்லது.

தனுஷ்கோடியின் சுவர்

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊரில் மிஞ்சிய தேவாலயச் சுவர்களைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். கிட்டே போனால்தான் தெரியும், அதில் பல கற்கள் பவளப்பாறையை வெட்டி எடுத்தவை. கல்லின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள். கட்டடக்கலைப் பெண் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து எண்ணினாள். தேயாத குழிகளில் பன்னிரண்டு, சிலவற்றில் இருபத்துநாலு. பாறை கட்டும் பவள உயிர்களில் இந்தத் தடுப்புகள் ஆறின் மடங்காக அமைவதுதான் வழக்கம்.

மணி பின்னுகிறவர்களுக்கு ஆறு பழக்கமான எண். ஒரு மணியைச் சுற்றி அதே அளவு மணி ஆறுதான் இடைவெளி இல்லாமல் உட்காரும். அடுத்த வட்டத்துக்குப் பன்னிரண்டு, அதற்கடுத்துப் பதினெட்டு. இந்தக் கணக்கில் போனால் வட்டம் தட்டையாக வரும். கூட்டினால் அலை அலையாகச் சுருங்கும், குறைத்தால் கிண்ணமாகக் குழியும். அவள் மூன்றாவது வட்டத்தில் பதினெட்டுக்குப் பதில் மறுபடியும் பன்னிரண்டே போட்டாள். குழி தானாக வந்தது. எலும்பு வெள்ளை மங்கல் மணியில் அப்படி ஏழெட்டுக் கிண்ணங்களைச் சேர்த்துக் காதுக்குத் தோடு. பெரிய ஆரவாரம் இல்லாத நகை. ஆனால் பார்த்தவர் எவரும் இது எதிலிருந்து வந்தது என்று கேட்காமல் விடவில்லை.

இங்கேதான் அந்த இரண்டாவது நிபந்தனை. மன்னார் வளைகுடாவில் பவளத் திட்டுகள் உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஐவிரல் சங்கு உட்படப் பல சங்கு, சிப்பி வகைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. கரையில் ஒதுங்கிக் கிடந்தது, கடையில் விற்றது என்பதெல்லாம் பதிலாகாது; வைத்திருந்தாலே குற்றம். எந்தச் சங்கு ஆகும், எது ஆகாது என்று கடை வாசலில் நின்று பிரிக்க நம்மால் முடியாது. எதுவும் வேண்டாம் என்பதே நல்லது.

"அப்ப நம்ம பவள மாலை?" என்று ஒருவர் பதறினார். நகைக்கடையின் சிவப்புப் பவளம் காலங்காலமாக மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. இந்தக் கரையின் பவளப்பாறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே உள்ளதை வெட்டினால் வெள்ளைச் சுண்ணாம்புதான் கிடைக்கும்.

எண்ணாத ஒருவர்

இதுவரை படித்தவர்கள், எண்ணினால் டிசைன் வந்துவிடும் என்று முடிவு கட்டலாம். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பரமக்குடிப் பெரியம்மா அதற்கு ஒத்துவரவில்லை. நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. கரையில் நெத்திலி காயப்போட்டிருந்த இடத்தில் போய் நின்றார், அந்த வாடையிலும் நகரவில்லை. நாங்கள் தேநீர் குடித்துத் திரும்பியபோதும் அங்கேயேதான் இருந்தார்.

அவர் பின்னியது ஒரு கைப்பட்டை. 6 மி.மீ. நீளக் குழல்மணி, உள்ளே வெள்ளி பூசியது, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நெருக்கமாக. நடுநடுவே மஞ்சள் கலந்த பழுப்பில் ஒன்றிரண்டு. வெயிலில் பாதி காய்ந்த நெத்திலி அப்படியே இருந்தது, ஆனால் மீன் என்று ஒன்றும் அதில் இல்லை. குழல்மணியின் முனை கண்ணாடி வெட்டு, நூலை அறுத்துவிடும். அதனால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன மணி வைத்துத்தான் தைக்க வேண்டும். அந்தச் சின்ன மணிக்குக் கறுப்பு எடுத்திருந்தார். மீனின் கண் எப்படிக் கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை. அறுபது வருஷம் பாவும் ஊடையும் பார்த்த கண் என்று அத்தை சொன்னார். இருக்கலாம். ஆனால் இதை வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நடைமுறை

ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் பின்ன முடியாது. தங்கிய விடுதி நிழல் போட்ட மாடி தருவதாகச் சொல்லியிருந்தது. போனால் தகரமே இல்லை. அறைக்குள் தரையில்தான் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் தட்டில் மணி நிற்காது, காற்று பட்டால் உருளும். கம்பளித் துணியை விரித்து அதில் கொட்டினால் ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். உப்புக் காற்றில் ஊசி ஒரே இரவில் துருப் பிடிக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது அவசியம்.

பூநாரை பார்க்கும் ஆசையில் இளஞ்சிவப்பு மணியோடு வந்தவர்கள் ஏமாந்தார்கள். அவை தனுஷ்கோடிப் பக்கம் வருவது பனிக்காலத்தில். 2025-இல் அங்கே பூநாரை சரணாலயம் அறிவித்த செய்தியைப் படித்துவிட்டு, எந்த மாதம் என்று பார்க்காமல் கிளம்பியிருக்கிறார்கள். அடுத்த முறை தை மாதம் போகலாம் என்று பேச்சு. அப்போது பெண்கடலும் ஓரளவு தணிந்திருக்கும்.

நேரம் பிரித்ததில் அத்தைக்கும் எனக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. பகல் முழுதும் சுற்றுவது அதிகம், ஒரு இடம் பார்த்தால் அரை நாள் பின்ன விட வேண்டும் என்பது என் கட்சி. வலைக்கரையில் நின்றது போல் ஒரே இடத்தில் நின்றவர்களுக்குத்தான் ஏதோ கிடைத்தது. அரண்மனைக்குக் கொடுத்த நேரத்தைக் கரைக்குக் கொடுத்திருக்கலாம். சுவரோவியம் பார்க்காமல் இராமநாதபுரம் தாண்டுவது பாவம் என்பது அத்தை கட்சி.

பாலக் கழுத்தணி மகனுக்குப் பதில் மருமகளிடம் போய்விட்டது. அதே மாதிரி வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தோட்டுக்கு நல்ல விலை கிடைத்தது. வலைப்பட்டை மட்டும் இன்னும் முடியவில்லை. ஓரத்தில் தொங்கும் கண்ணாடி மணிகளின் கனத்தில் கொக்கி பின்கழுத்திலிருந்து நழுவி முன்னால் வந்துவிடுகிறது. பின்னால் எதிர்க் கனத்துக்கு ஈயக்குண்டு கட்டிப் பார்க்கட்டுமா என்று சிவகாசியிலிருந்து ஃபோன் வந்தது. ஈயம் உடம்பில் படவே கூடாது என்று அத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, பித்தளை மணி நாலைந்து கோர்த்துத் தொங்கவிட்டுப் பார் என்றிருக்கிறார். மணி பார்சலில் போயிருக்கிறது.